உளுந்து அளந்த கண்ணாடி

ஆவணி 6

இன்றைக்கு என் தையல் மெஷின் வாசல் அறையை விட்டு வெளியேறியது. அது இருந்த மேசையில் இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. மருமகள் சங்கரேஸ்வரி டவுனிலிருந்து ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். ஒரு பிள்ளையை அப்படி மடியில் வைத்துக்கொண்டு இறங்கியிருந்தால் தெருவே சந்தோசப்பட்டிருக்கும்.

பெட்டி புதிது இல்லை. தாலுகா ஆபீஸுக்கு எதிரில் பத்திரம் எழுதுகிறவர் கடையை மூடியபோது விற்றது. அவர்தான் எங்கள் ஓடைக்காட்டுப் பத்திரமும் எழுதினார். வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே எழுதுவார். ஒரு சொட்டு விழுந்து, கிழக்கு எல்லைக்குப் பக்கத்தில் இன்னும் சிவப்பாக இருக்கிறது. அந்தப் பக்கத்துக் காட்டுக்காரன் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, கெணறா?" என்று கேட்டான். அது பெரிய கதை.

இந்தப் பெட்டிக்குப் பெயர் ஸ்கேனர். ஆதார் கார்டு, பத்திரம் எல்லாவற்றையும் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தால் கம்ப்யூட்டரில் படமாக வரும். இவள் கார்டு வைக்கப் போவதில்லை. உளுந்து வைக்கப் போகிறாள்.

வேல்சாமி மஸ்கட்டிலிருந்து போன் செய்தான். மகனிடம் குறையொன்றும் சொல்லவில்லை. மேசை பறிபோனதை மட்டும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஆவணி 8

எழுதுவது விட்டுப்போகக் கூடாது. அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொடுத்த டீச்சர், தினமும் நாலு வரியாவது எழுதினால்தான் கையில் நிற்கும் என்றார்கள். மகன் கம்பெனியில் கொடுத்த டைரி வழவழவென்று இருக்கிறது. பேனா வழுக்குகிறது.

மருமகளின் படிப்பு என்னவென்று எழுதிவைக்கிறேன். டாக்டர் படிப்பு. ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மழை பொய்த்தாலும் மணி சிறுத்துப்போகாத உளுந்து எது என்று கண்டுபிடிக்கிற டாக்டர். அதற்கு ஒவ்வொரு செடியிலும் விளைந்த மணியை நீளம், அகலம் என்று அளக்க வேண்டும். அளவில் முடியளவு தப்பினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். காலேஜில் அதற்கென்று ஒரு மெஷின் இருக்கிறது. அதில் இவளுக்கு முறை வருவதற்குள் உளுந்தைப் பூச்சி தின்றுவிடும். இடுக்கி மாதிரி ஒரு கருவியில் ஒவ்வொரு மணியாகப் பிடித்தும் அளக்கலாம். போன கோடையில் அப்படித்தான் அளந்து கழுத்து வலி வந்து படுத்தாள். இந்தப் பெட்டியில் ஒரு தட்டு மணியையும் ஒரே தடவையில் படம் பிடித்துவிடலாம். அப்புறம் கம்ப்யூட்டர் அளந்துகொள்ளும்.

கார்த்திகை முடிவதற்குள் எல்லாவற்றையும் எழுதிப் புத்தகமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் யுனிவர்சிட்டியில் அவள் பேரை எடுத்துவிடுவார்கள். இத்தனை வருசம் படித்ததும் போய்விடும்.

பக்கத்து வீட்டுக் கனியம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன மதினி, ஒம் மருமவ உளுந்தப் போட்டோ புடிக்காளாமே. உளுந்துக்கு மாப்ள பாக்கியளோ?"

"ஆமா, ஒங்க வீட்டுத் தொவரையத்தான் பாத்திருக்கோம். கருப்பா இருக்குன்னு கொற சொல்லாதீங்க" என்றேன். வாயை மூடிக்கொண்டு போனாள். எங்கள் வீட்டு ஆள் யாரையும் தெருவில் நின்று ஒருத்தி கேலி பேசக் கூடாது. பேச வேண்டியது இருந்தால் நான் வீட்டுக்குள் பேசிக்கொள்வேன்.

ஆவணி 20

இன்று அவளுடைய சார் ஞானசெல்வம் போன் செய்தார். அவர்தான் அவளுக்கு வழிகாட்டுகிறவர். போனை அவள் சத்தமாக வைத்திருந்தாள், அதனால் எனக்கும் கேட்டது. நான் வேறு எதற்கும் அங்கே நிற்கவில்லை, தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"சங்கரேஸ்வரி, அது ஆபீஸ் மெஷின்மா. சர்டிபிகேட் காப்பி எடுக்கச் செஞ்சது. அதுல அளந்தேன்னு சொன்னா எக்ஸாமினர் சிரிப்பார். அந்த மெஷின் சொல்றது நெசம்னு நீ காட்டணும். காட்ட முடியலன்னா அந்த அத்தியாயத்தை எடுத்துருவோம்."

அந்த அத்தியாயத்தை எடுத்தால் அந்தப் புத்தகத்தில் மிச்சம் அட்டைதான்.

போனை வைத்தவள் சைக்கிள் கடைக்குப் போனாள். பெடலுக்குள் போடுகிற இரும்புக் குண்டு ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாள். அந்தக் குண்டெல்லாம் ஒன்று போல ஒன்று இருக்குமாம், முடியில் நூறில் ஒரு பங்கு கூட வித்தியாசம் வராதாம். அளவு தெரிந்த பொருளை வைத்து, பெட்டி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். இது எனக்கு உடனே புரிந்தது. ரேசன் கடையில் புதுத் தராசு வந்தபோது நான் வீட்டிலிருந்து படிக்கல்லைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தவள்தானே. அப்போது கடைக்காரன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஆவணி 21

குண்டு உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. நாள் முழுக்க இரண்டு பேரும் மண்டியிட்டுத் தேடினோம். முழங்கால் வலி.

ஆவணி 27

கண்ணாடிக் காகிதத்தில் ஓட்டை போட்டு அதற்குள் குண்டை உட்கார வைத்திருக்கிறாள், இனி உருளாது. இப்போது வேறு சங்கடம். ஒரே குண்டு மேலே வைத்தால் ஓர் அளவு சொல்கிறது, கீழே வைத்தால் வேறு அளவு. இடம் வலமாக உருண்டையாக இருப்பது மேல் கீழாகக் கொஞ்சம் நீண்டுவிடுகிறது.

"உள்ள இருக்க வெளக்கு ஒரு பட்டையில ஏறி அங்கயிருந்து இங்க நடக்கும் அத்தை. அது நடக்கதுல ஒரு சீர் இல்ல."

"பத்திரம் எழுதுதவரு கடையில இருந்த வெளக்குல்லா. வேற எப்படி நடக்கும்?"

சிரித்தாள். இந்த வாரத்தில் முதல் சிரிப்பு. அதை இங்கே எழுதிவைக்கக் காரணம் ஒன்றுமில்லை.

புரட்டாசி 2

எந்த இடத்தில் எவ்வளவு கூடுகிறது, எவ்வளவு குறைகிறது என்று குண்டை இடம் இடமாக வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். தப்பு எப்போதும் ஒரே மாதிரி நடந்தால் அது தப்பே இல்லையாம், கழித்துக்கொள்ளலாமாம். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது சந்தைக்குப் போய் எப்போது வருவார் என்று கேட்டால் "இந்தா, வெயில் தாழ வந்துருவேன்" என்பார். விளக்கு வைத்த பிறகுதான் வருவார். நாற்பது வருசம் நான் அதைக் கழித்துக் கழித்துத்தான் உலை வைத்தேன்.

காலையில் பெட்டியைப் போட்டதும் எடுக்கிற படம் சரியாக வருவதில்லை. வெளிச்சம் சூடேற வேண்டும். அதனால் ஒன்றும் வைக்காமல் நாலைந்து தடவை சும்மா ஓட்டுகிறாள். முதல் தோசையை யார் இலையில் வைப்பார்கள்?

புரட்டாசி 11

இன்று ஒரு வேலை கொடுத்தாள். அதே உளுந்தை அதே பெட்டியில் வேறொரு ஆள் வைத்து அளந்தாலும் அதே அளவு வர வேண்டுமாம். அந்த வேறொரு ஆள் நான்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுட்டி. அடுப்புல கொழம்பு கெடக்கு."

"தெரியாத ஆளுதான் அத்தை வேணும். தெரிஞ்ச ஆளு செஞ்சா, அவ கைப்பழக்கம்னு சொல்லிருவாவ."

தெரியாத ஆள்தான் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டது இந்த உலகத்தில் இதுதான் முதல் தடவை. குழம்பை இறக்கிவைத்துவிட்டு வந்தேன்.

மணியைத் தட்டில் ஒன்றை ஒன்று தொடாமல் பரப்ப வேண்டும். ஒட்டியிருந்தால் கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரே மணி என்று நினைக்கும். மூடியை மெதுவாக மூட வேண்டும். பட்டனை அமுக்க வேண்டும். வெளிச்சம் நீலமாக ஓரத்தில் நடந்து போகிறது, திரும்பி வருகிறது. எனக்குப் பிடித்துவிட்டது. அளவு என்ன வந்தது என்று என்னிடம் காட்டவே மாட்டேன் என்கிறாள். காட்டக் கூடாதாம்.

புரட்டாசி 16

கனியம்மாவிடம் சொன்னேன்: "நானும் ஆராய்ச்சியில இருக்கேன்."

"எதுல?"

"உளுந்துல."

"நானுந்தான் மாசத்துக்கு நாலு தடவ உளுந்துல இருக்கேன், ஆட்டி எடுக்கதுக்கு." அப்புறம் மெதுவாகச் சேர்த்தாள். "ஏன் மதினி, எத்தன காலத்துக்கு உளுந்தவே அளந்துக்கிட்டு இருப்பா? கல்யாணம் ஆயி வருசம் எத்தன ஆச்சு?"

"அது அவ பாடு, என் மவன் பாடு. ஒனக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். கனியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். போன பொங்கலுக்கு இதே வார்த்தையை அவள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து நான்தான் அவளிடம் சொன்னேனாம். சொல்லியிருக்கலாம். பொங்கலுக்கு ஆயிரம் பேசுவோம்.

புரட்டாசி 25, ஆயுத பூஜை

மருமகள் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். பூஜையை நான் ஒருத்தியே செய்தேன். அரிவாள், மண்வெட்டி, களைக்கொத்து, கிரைண்டர், தையல் மெஷின், தண்ணி மோட்டார், வேல்சாமியின் பைக், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பைக்குக்கு மாலையும் போட்டேன். ஓட்ட ஆளில்லாமல் நிற்கிற பைக்குக்குத்தான் மாலை முதலில் வாடுகிறது.

ஸ்கேனருக்கு மூடியில் வைத்தேன். அப்புறம் யோசித்தேன். அதற்குக் கண் உள்ளேதானே இருக்கிறது? மூடியைத் திறந்து கண்ணாடி ஓரமாக நெற்றி மாதிரி இருக்கிற இடத்தில் மூன்று பொட்டு நன்றாகக் குழைத்து வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. இந்த வீட்டில் அதைவிட அதிகமாக உழைத்த ஆயுதம் இந்த வருசம் எது?

புரட்டாசி 26

ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். ஸ்கேனரையும்தான். அவள் சாயங்காலம் வந்தாள், வந்ததும் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கடைசித் தட்டுகள் இவை. முடிந்தால் எழுத ஆரம்பிக்கலாம்.

புரட்டாசி 30

சார் போன் செய்தார். அனுப்பின படங்களில் ஒரு வரிசை உளுந்து மட்டும் சிறுத்திருக்கிறதாம். ஒரே செடியின் மணி அந்த இடத்தில் வைத்தால் இளைத்துவிடுகிறது, இந்தப் பக்கம் வைத்தால் இல்லை. "நான் மொதல்லயே சொன்னேன்ல? ஆபீஸ் மெஷின்மா" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தாலாவது நான் போனை வாங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அவள் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். மேலிருந்து கீழே வரை வெளுப்பாக ஒரு கோடு, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. கோடு எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று பார்த்தேன். கண்ணாடி ஓரத்தில். நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம்.

நான் துடைத்தேன். நன்றாகத்தான் துடைத்தேன்.

ஐப்பசி 1

இன்று எழுத ஒன்றும் இல்லை. ரசம் வைத்தேன். யாரும் சாப்பிடவில்லை.

ஐப்பசி 3

காலையில் குண்டுகளை எடுத்து வரிசை வரிசையாக வைத்தாள். மற்ற வரிசையெல்லாம் சரியாக இருந்தது, முன்பு இருந்த அதே அளவு. ஒரே ஒரு வரிசையில் குண்டும் இளைத்தது. "இரும்பு எப்படி அத்தை எளைக்கும்?" என்றாள். குரல் பழையபடி வந்துவிட்டது. திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள்.

கண்ணாடிக்கு அடியில் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பட்டை ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மெஷின் அதைப் பார்த்துத்தான் வெள்ளை என்றால் இதுதான் என்று தெரிந்துகொள்ளுமாம். அந்தப் பட்டையில் கடுகளவு மஞ்சள் கறை. அந்த இடம் மங்கலாக இருப்பதால், மெஷின் அதற்கு நேராக வருவதையெல்லாம் கூடுதலாக வெளுத்துக் காட்டுகிறது. மணியின் ஓரமும் வெளுத்து, மணி சின்னதாகிவிடுகிறது.

அவள் கறையை விரலால் தொட்டு மூக்கருகே வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அத்தை. இதுக்கும் சந்தனம் வச்சியளா?"

"எல்லாத்துக்குந்தான் வச்சேன். கிரைண்டருக்கும் வச்சேன்."

"கிரைண்டருக்கு உள்ளயா வச்சிய?"

"கிரைண்டருக்குக் கண்ணு கெடையாதுல்லா."

ஈரத்துணியால் துடைத்தபோது சந்தனத் தண்ணீர் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். முந்தானையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். சிரிக்கிறாள். சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது, தண்ணீர் கொடுத்தேன்.

குடித்துவிட்டு சொன்னாள்: "அத்தை, நம்ம கண்ணுக்கு இது தெரியவே இல்ல. குண்டு காட்டிக் குடுத்துட்டுது, பாத்தியளா? இதத்தான் சார் காட்டச் சொன்னாரு."

ஐப்பசி 6

ஞானசெல்வம் சார் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்துவிட்டார். தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் சின்னச் சிலுவை. காப்பி குடித்தார். சங்கரேஸ்வரி கறை துடைத்த பெட்டியில் குண்டுகளை வைத்துக் காட்டினாள். எல்லா வரிசையும் சரி.

சார் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "தொடச்ச பிறகு சரியாச்சு, சரி. அது சந்தனத்தாலதான்னு எப்படிச் சொல்ற? மறுபடி வச்சுப் பாப்போம். அம்மா, கொஞ்சம் சந்தனம் அரைங்க."

"எதுக்கு சார், நெத்திக்கா?"

"மெஷினுக்கு. முன்ன வச்ச மாதிரியே."

ஆயுத பூஜை முடிந்த பிறகு, சிலுவை வைத்திருக்கிற வேதக்காரர் ஒருவர் கேட்டு, ஒரு மெஷினுக்குச் சந்தனம் அரைத்துக் கொடுத்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஊசி முனையில் எடுத்து வெள்ளைப் பட்டையில் அவள் வைத்தாள். மூடினாள், ஓட்டினாள். அந்த வரிசைக் குண்டு இளைத்தது. மற்றது ஒன்றும் அசையவில்லை. துடைத்தாள், ஓட்டினாள். பழைய அளவு திரும்பி வந்தது. சார் வேறொரு இடத்தைக் காட்டினார். அங்கே வைத்தாள். அந்த வரிசை இளைத்தது.

சார் எழுந்து நின்றுகொண்டார். "இதையும் எழுது. எல்லாத்தையும் எழுது. தட்டு வைக்கிறதுக்கு முன்னயும் பின்னயும் குண்டு வச்சுப் பாக்கணும்னு எழுது. கடுகளவு கறைய விடாத சோதனை, தப்பான அளவையும் விடாது. அத்தியாயம் இருக்கட்டும்."

போகும்போது என்னிடம், "காப்பி நல்லா இருந்துச்சும்மா" என்றார். சந்தனமும் நல்ல சந்தனம்தான். அதை அவர் சொல்லவில்லை.

பூஜைக்குப் பிறகு அளந்த தட்டு எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். அவள் ஒரு தடவை, நான் ஒரு தடவை. தீபாவளிக்கு முறுக்கு கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன்.

கார்த்திகை 10

புத்தகம் கொடுத்தாயிற்று. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். இனி அதை வெளியூர்ப் பெரியவர்கள் படித்துப் பார்த்து, ஒருநாள் நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்களாம். அதில் தேறினால்தான் டாக்டர்.

ஆனி 12

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கை வலித்தாலும் சரி.

கேள்வி கேட்கிற நாளில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். படிக்கிற பிள்ளை வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுக்க வேண்டும். நாங்கள் கேசரியும் உளுந்து வடையும் கொண்டுபோனோம். கனியம்மாவும் வருவேன் என்று நின்றாள். வடைத் தூக்கைத் தூக்க ஆள் வேண்டுமே என்று கூட்டிக்கொண்டேன்.

சங்கரேஸ்வரி பச்சைப் பட்டு கட்டி மேடையில் நின்று பேசினாள். பாதி இங்கிலீஷ். ஆனாலும் எந்த இடத்தில் என்ன சொல்கிறாள் என்று படத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. சந்தனக் கோடு படம் வந்தது. அவள் என்னவோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கனியம்மா என் விலாவில் இடித்தாள். நான் தலையைக் குனியவில்லை.

கேள்வி கேட்க வந்தவர் கோயமுத்தூர்க்காரர், நரைத்த மீசை. புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார். "ரெண்டாவது ஆள் அளந்ததுன்னு ஒரு பட்டியல் போட்டிருக்கீங்க. முதல் ஆளோட அளவுக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லைங்களே. யாருங்க அந்த ரெண்டாவது ஆள்? எந்த லேப்?"

"எங்க அத்தைதான் சார். லேப் இல்ல, வீடு. அந்தா உக்காந்திருக்காவ."

எல்லாத் தலையும் திரும்பியது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. கேக்க வேண்டியது என் வேலைங்க. உங்க மருமக என்ன அளவு எழுதியிருக்காங்கன்னு பாத்துட்டு, அதே மாதிரி நீங்களும் எழுதுனீங்களா?"

மேடையில் நின்றவள் பட்டு முந்தானையைப் பிடித்திருந்தாள். இவ்வளவு வருசமும் இந்த ஒரு பதிலில் தொங்குகிறது என்று தெரிந்தது. எழுந்தேன். ரேசன் கடையிலும் பஞ்சாயத்துக் கூட்டத்திலும் பேசுகிற வாய், அங்கே வரவில்லை. முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"இல்ல சார். எனக்கு அளவு என்னன்னு இந்த நிமிசம் வரைக்கும் தெரியாது. அவ காட்ட மாட்டேன்னுட்டா. காட்டச் சொல்லி நானும் சண்டை போட்டேன். நான் மணியப் பரத்துனேன், மூடுனேன், பட்டன அமுக்குனேன். அளந்தது மெசினுல்லா. நான் வச்சா ஒண்ணு, அவ வச்சா ஒண்ணுன்னா காட்டும்? யாரு வச்சாலும் அதேதான் காட்டும்."

மீசைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அப்புறம் ஞானசெல்வம் சார் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சார் முகம் மலர்ந்தது. மீசைக்காரர் மருமகளைப் பார்த்து, "எனக்கு இனிக் கேள்வி இல்லைங்க" என்றார்.

கொஞ்ச நேரம் எல்லாரையும் வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்ப உள்ளே கூப்பிட்டு, டாக்டர் சங்கரேஸ்வரி என்று வாசித்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கையில் வடைத் தூக்கு இருந்தது. அதைக் கனியம்மாவிடம் கொடுத்திருந்தேனே, எப்போது என் கைக்கு வந்தது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் வரும்போது புது டாக்டர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. ஒன்றை நினைத்துக்கொண்டே வந்தேன். யார் வைத்தாலும் அதேதான் காட்டும் என்று அத்தனை பேர் முன்னால் ஏன் சொன்னேன்? உண்மைதான். ஆனால் அதைக் கேட்ட கனியம்மா பின் சீட்டில் இருந்தாள்.

நினைத்த மாதிரியே, வீட்டுக்கு வந்து காலைக்கூடக் கழுவாமல் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மதினி, யாரு வச்சாலும் அதேதான காட்டும்?"

"அப்படித்தான் சொன்னேன்."

"அப்ப நானும் ஒரு தட்டு வச்சுப் பாக்கட்டா?"

சேலையை உதறினேன், ஜன்னலைத் திறந்தேன், பெட்டியின் பட்டனைப் போட்டேன். வெளிச்சம் சூடேற வேண்டும் அல்லவா.

"கையக் கழுவிட்டு வா" என்றேன். "ஒண்ணோட ஒண்ணு தொடாம பரத்தணும். அளவு என்னன்னு எங்கிட்டக் கேக்கக் கூடாது. காட்ட மாட்டேன்."